ரீச்சரைக் கேளுங்கள்: சைவநெறிக்கு ஏ, அதுக்குப் பிறகு?

(இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாடசாலைச் சமயபாடத்தைப் பற்றியவை. ஆகவே அவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். பதில் எழுதுபவர் கிளிநொச்சி மாவட்டத்தில் சைவநெறி கற்பித்து ஓய்வுபெற்று அக்கராயனில் இருக்கும் ஆசிரியை.)

கேள்வி: என் மகள் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதி சைவநெறிக்கு ஏ எடுத்தவள். அறுபத்துமூன்று நாயன்மார் பெயரையும் நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ரிசல்ட் வந்த கிழமையே சமயக் கொப்பி முழுவதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் "அதுதான் பாஸ் பண்ணீற்றனே அம்மா" என்கிறாள். இவ்வளவு வருசம் படிச்ச சமயம் எங்கே போனது, ரீச்சர்? - ஒரு தாய், மல்லாவி

பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருக்கிறது, தங்கச்சி. கொப்பியில் இருந்தது கொப்பியோடு போயிற்று.

உங்கள் மகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரம் ஒன்றிலிருந்து பதினொன்றுவரை இது கட்டாய பாடம், கணிதமும் வரலாறும் போல ஒரு பாடம் என்று அவளுக்குச் சொன்னவர்கள் நாங்கள்தான். நாற்பது பல்தேர்வு வினா, அதன் பிறகு இரண்டாம் பகுதி. பாடம் என்றால் ஒருநாள் முடியும். முடிந்ததை முடிந்தது என்று அவள் சொல்கிறாள், அவ்வளவுதான்.

நான் விடைத்தாள் திருத்திய காலத்தில் "திருநீறு அணியும் முறையை விளக்குக" என்று ஒரு வினா அடிக்கடி வரும். வடக்கு அல்லது கிழக்கு முகமாக இருத்தல், அண்ணாந்து நிலத்தில் சிந்தாமல் பூசுதல், வலக்கை நடுவிரல் மூன்றாலும் தரித்தல், "சிவ சிவ" என்று சொல்லுதல். இத்தனையும் இருந்தால் முழுப்புள்ளி. அந்தப் பிள்ளையின் நெற்றியில் அன்றைக்குத் திருநீறு இருந்ததா என்பதைப் பார்க்கப் புள்ளித்திட்டத்தில் இடமில்லை. இருக்கவும் கூடாது என்பேன். அதற்கும் புள்ளி போடத் தொடங்கினால், புள்ளிக்காகப் பூசுகிற நெற்றிகள்தான் கூடும்.

இதில் எங்கள் சைவ சித்தாந்தம் மிகவும் தெளிவு. அறிவை அது மூன்றாகப் பிரிக்கும்: பாசஞானம், பசுஞானம், பதிஞானம். சொல்லாலும் நூலாலும் வருவதெல்லாம் பாசஞானம். உயிர் தன்னை அறிவது பசுஞானம், அருளால் இறைவனை அறிவது பதிஞானம். வேதம், சாத்திரம், புராணம் எல்லாம் அதற்குள்தான் அடங்கும் என்று சிவஞான சித்தியார் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. அதைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். அருணந்தி சிவாசாரியார். "சகலாகம பண்டிதர்" என்று பெயர் எடுத்தவர். அந்தக் காலத்தில் சைவநெறிக்குப் பரீட்சை இருந்திருந்தால் நாட்டிலேயே முதலாவதாக வந்திருப்பார். மரபில் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவஞான போதம் தந்த மெய்கண்டார் சின்னப் பிள்ளையாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு இவர் போய், "ஆணவம் எப்படி நிற்கும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். பிள்ளை வாய் திறக்கவில்லை. பண்டிதரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். தான் நின்ற நிலையே ஆணவம் என்று பண்டிதருக்கு விளங்கியது, அந்த இடத்திலேயே காலில் விழுந்தார். அவர் படித்த ஆகமம் ஒன்றும் வீண்போகவில்லை. பிறகு சித்தியாரை எழுத அத்தனையும் வேண்டியிருந்தது. ஆனால் படிப்பு அவரை அந்த வாசல்வரைக்கும்தான் கொண்டுவந்தது.

ஆகவே உங்கள் மகளிடம் இருப்பது பாசஞானம், அதுவும் ஏ தரத்தில். அதை ஏளனம் செய்யாதீர்கள். மிச்சத்தைக் கொடுப்பது வகுப்பறையின் வேலை இல்லை. உங்கள் கையிலும் முழுதாக இல்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கும்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். சிலாவத்தைக் கடலில் எடுத்துவந்த தண்ணீரில் விளக்கு எரிகிற இடத்தில், காவடிக்கும் தூக்குக்காவடிக்கும் நடுவில், சனத்தோடு சனமாக அவளும் ஓர் இரவு விழித்திருக்கட்டும். அங்கே அவளுக்கு என்ன வாய்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றுமே வாய்க்காமலும் போகலாம்.

(ஆறுமுக நாவலருக்குக் கண்ணகி வழிபாடு பிடிக்காது, நீங்கள் எப்படி அங்கே அனுப்பலாம் என்று யாராவது எழுதுவீர்கள். எனக்கும் தெரியும். நாவலர் பெருமானை வணங்குகிறேன், வற்றாப்பளைக்கும் போகிறேன்.)

கேள்வி: பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், உயிரைக் கட்டும் மலம்) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியென்றால் கடவுள் எங்களைப் படைக்கவில்லையா? என் கத்தோலிக்க நண்பன் கடவுள்தான் ஒவ்வொரு ஆன்மாவையும் படைத்தார் என்கிறான். யார் சரி? - தரம் 10 மாணவன், முள்ளியவளை

இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையாவது கேட்காதா என்று நான் காத்திருந்திருக்கிறேன், தம்பி. பலர் "அநாதி" என்று எழுதி, அடிக்கோடு போட்டு, அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள்.

நீ வாசித்தது சரி. சைவ சித்தாந்தத்தில் கடவுள் உயிரை உண்டாக்குவதில்லை. உயிர் என்றும் உள்ளது, ஆணவ இருளும் அதோடு என்றும் உள்ளது. ஐந்தொழிலில் முதலாவதாகப் "படைத்தல்" என்று படிக்கிறாயே, இருளில் கிடக்கிற உயிருக்கு உடம்பும் கருவியும் உலகமும் அனுபவமும் கொடுப்பதுதான் அது. தனு, கரண, புவன, போகம் என்று பாடமாக்கியிருப்பாய். உன் நண்பனுடைய சமயத்தில் அப்படியில்லை. எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் படைத்தார், ஒவ்வொரு ஆன்மாவையும் அவரே நேரடியாகப் படைக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. இரண்டும் வேறு வேறு. "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அப்படிச் சொன்னால் இரண்டையுமே சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். நான் சித்தாந்தம் சரி என்று நம்புகிறவள். உன் நண்பனின் ஃபாதரைக் கேட்டால் அவர் மறுபக்கம் சொல்லுவார். நீங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் இருந்து சண்டை பிடியுங்கள், நல்ல சண்டைதான்.

பாடசாலைக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. உயிர் அநாதி என்றால் தரம் ஒன்றுக்கு வருகிற பிள்ளை வெறும் சிலேற் இல்லை. எத்தனையோ பிறவி நடந்து களைத்து வருகிற ஆள். நானோ, உன் ரீச்சரோ நடுவழியில் கொஞ்சத் தூரம் கூட நடக்கிறவர்கள். சிவஞான போதத்தின் எட்டாம் சூத்திரத்தில், வேடரோடு வளர்ந்து தன்னை மறந்துபோன அரசகுமாரனிடம் "நீ இன்னார்" என்று சொல்ல ஒருவர் வருகிறார். உள்ளே இருந்த இறைவன்தான் குருவாக வெளியே வருகிறான் என்கிறது சூத்திரம். எப்போது வருவான் என்பது அந்த உயிரின் பக்குவத்தைப் பொறுத்தது. வலயக் கல்வி அலுவலகத்தின் நேரசூசியில் அது இருக்காது.

பரீட்சையில் புத்தகத்தில் உள்ளபடியே எழுது. உன் கேள்வியை விடைத்தாளில் எழுதாதே. திருத்துகிறவர் பாவம்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். மகள் படிக்கும் அரசாங்கப் பாடசாலையில் எங்கள் சமயப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கத்தோலிக்க பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. சைவநெறிப் பாடவேளையில் பின்வாங்கில் இருத்தி வைக்கிறார்கள், அது பரவாயில்லை. காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடாமல் நின்றதற்காக ஒருநாள் வெய்யிலில் நிற்கவிட்டிருக்கிறார்கள். நான் சண்டைக்குப் போகவா, விடவா? - ஒரு தகப்பன், பூநகரி

போங்கள், அண்ணா. சத்தம் போடாமல் போங்கள், ஆனால் போங்கள்.

ஒருவர் தனக்கு விருப்பமான சமயத்தை உடையவராக இருக்கவும், விருப்பமானதைத் தழுவவும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை கொடுக்கிறது. அதிபருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். நீங்கள் அதைத் தாளில் எழுதிக் கொண்டுபோனால் கோபப்படுவார். ஆகவே முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். ஓ.எல்.லில் மகள் தன் சமயத்தையே பாடமாக எடுக்கலாம். பங்குத் தந்தையிடமோ மறைக்கல்வி கற்பிக்கிற சிஸ்டரிடமோ ஞாயிறில் புத்தகத்தை ஒழுங்காகப் படித்து முடிப்பதற்கு இப்போதே வழி பார்த்துவையுங்கள்.

இனி நான் எங்கள் ஆட்களோடு கொஞ்சம் பேசவேண்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். மிஷன் பாடசாலையில் சைவப் பிள்ளை வேதப்புத்தகம் படித்தால்தான் இருக்கலாம் என்ற காலத்தில், அந்த மிஷன் பாடசாலையிலேயே படித்து, படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு பைபிளைத் தமிழாக்கவும் உதவி, பிறகு வெளியேவந்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார் நாவலர். அன்றைக்கு எங்கள் பிள்ளைக்கு எது வேண்டாம் என்று சண்டை பிடித்தோமோ, அதையே இன்றைக்கு இன்னொருவர் பிள்ளைக்குச் செய்கிறோம். அதுவும் தேவாரத்தைத் தண்டனை ஆக்கி. "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்" என்பது சித்தியார். மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு, காலைப் பிரார்த்தனையில் அந்தப் பிள்ளை தன் செபத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் கொடுக்கமாட்டோம் என்றால், அந்தப் பாட்டை நாங்கள் எதற்குச் சொல்கிறோம்?

அண்ணா, அந்த வரியை நீங்கள் ஏற்கவேண்டும் என்றில்லை. உங்கள் கர்த்தர் எங்கள் மாதொரு பாகனின் வடிவம் என்றால் உங்களுக்குச் சரிவராது. சரிவரத் தேவையும் இல்லை. அது எங்கள் கையைக் கட்டிவைக்க எழுதிய வரி.

கேள்வி: மாதவிடாய் நாளில் சைவநெறி வகுப்பில் தேவாரம் பாடலாமா? எங்கள் ரீச்சர் வெளியே நிற்கச் சொல்கிறா. - பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பாடு பிள்ளை. கோயிலின் விதி கோயிலுக்கு, அதை உன் வீட்டாரோடு பேசி நடந்துகொள். வகுப்பறையில் எவருக்கும் ஐந்தெழுத்து மறுக்கப்படக்கூடாது என்பது என் முடிவு. உன் ரீச்சருக்கு நான் சொல்வது: ஒரு பிள்ளையை வெளியே நிற்கவிட்டால் காரணம் வகுப்புப் பொடியன்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். எந்த ஆகமத்தில் அதற்கு அனுமதி இருக்கிறது?

கேள்வி: நான் கணித ஆசிரியர். சைவநெறிக்கு ஆள் இல்லாததால் தரம் 10க்கு அந்தப் பாடத்தையும் எனக்குத் தந்திருக்கிறார்கள். மே மாதம், சந்தியில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி கொடுத்த கிழமை. கரும்பலகையில் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்று பெட்டி கீறி, அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அம்மம்மா பங்கருக்குள்ள தேவாரம் படிச்சுக்கொண்டு இருக்கேக்கதான் ஷெல் விழுந்ததாம். அதுவும் அவவின்ரை பிராரத்தமா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளைக்கு நான் என்ன சொல்ல? - ஓர் ஆசிரியர், புதுக்குடியிருப்பு

தம்பி, மணி உங்களைக் காப்பாற்றியது. "ஓம், பிராரத்தம்தான்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை சைவத்தை அன்றைக்கே மூடி வைத்திருக்கும்.

உங்கள் பெட்டிகளும் அம்புக்குறியும் பிழையில்லை. முன் செய்து குவிந்தது சஞ்சிதம், அதில் இப்போது அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். ஆனால் வினைக்கொள்கை யார் வாயில், யாரைப்பற்றி வருகிறது என்பதைப் பாருங்கள். அப்பர் சூலைநோயில் துடித்துக்கொண்டு பாடிய முதல் பதிகத்தில் "கொடுமைபல செய்தன நானறியேன்" என்கிறார். தன் வயிற்றுநோய், தன் வாய், தன் வினை. வேறெவரும் அவரைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. சொல்ல உரிமை இருந்த ஒரே ஆள் தமக்கை திலகவதியார். தம்பி சமணத்துக்குப் போனவர், ஆண்டுக்கணக்கில் தமக்கையைத் திரும்பிப் பார்க்காதவர். நோய் வந்த பிறகுதான் வாசலில் வந்து விழுகிறார். "உன் வினைதான், அனுபவி" என்று திலகவதியார் சொல்லவில்லை. திருநீறு கொடுக்கிறார், விடிய முன்னம் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். சைவத்தில் துன்பப்படுகிறவருக்கு முன்னால் நிற்பது எப்படி என்று பாடம் நடத்த இதைவிட எனக்கு வேறு இடம் தெரியாது.

திலகவதியார் யார் என்பதை அடுத்த பாடவேளையில் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "அப்பரின் அக்கா" என்று ஒற்றை வரியில் கடந்துபோகாதீர்கள். தாய் தகப்பன் இறந்துபோனார்கள். நிச்சயித்திருந்த மாப்பிள்ளை கலிப்பகையார் படைத்தலைவராகப் போருக்குப் போனார், திரும்பி வரவில்லை. தானும் சாகிறேன் என்று எழும்பியவரைத் தம்பி அழுது மறித்தார். அந்தச் சின்னத் தம்பிக்காக உயிரோடு இருந்தவர். இந்தக் கதை வன்னியில் ஒரு வகுப்பறைக்கு விளங்காமல் போகுமா? ஒவ்வொரு வாங்கிலும் ஒரு திலகவதியின் பேத்தி இருப்பாள். கலிப்பகையார் செத்தது அவருடைய எந்தப் பிறவி வினை என்று சேக்கிழார் கணக்குப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதீர்கள், கணித ஆசிரியர் என்றாலும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லுங்கள். வினை என்று ஒன்று உண்டு என்றால் அது ஷெல் அடித்தவனுக்கும் உண்டு. அவன் செய்தது அவனுடைய ஆகாமியம். செத்தவரின் பிராரத்தத்தைக் காட்டிச் செய்தவனின் ஆகாமியத்தை மறைப்பது சித்தாந்தம் இல்லை, சோம்பேறித்தனம். "எல்லா அனுபவமும் பிராரத்தம் என்றுதானே சாத்திரம்" என்று ஒரு பண்டிதர் எனக்குக் கடிதம் போடுவார். போடட்டும். அது தன் உயிரைத் தானே திருப்பிப் பார்க்கிற சாதகனுக்குச் சொன்னது. இன்னொருவர் பிணத்தில் ஒட்டுவதற்கு எழுதிய சீட்டு இல்லை.

பிறகு ஏன் கடவுள் காப்பாற்றவில்லை என்று அவள் விடாமல் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். ஆசிரியர் அப்படிச் சொன்னால் வகுப்பு குழம்பிப் போகாது. அம்மம்மா என்ன தேவாரம் படித்தவ என்று கேளுங்கள். வீட்டில் விசாரித்துக்கொண்டு வரச்சொல்லுங்கள். தெரிந்தால் எல்லோரும் சேர்ந்து அதைப் படியுங்கள். அழுதால் அழட்டும். அன்றைய பாடக்குறிப்பில் "வினைக்கொள்கை, மீட்டல்" என்று எழுதிவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: பேரன் தேவாரத்தைப் பொருள் தெரியாமல் ராப் பாட்டு வேகத்தில் ஒப்புவிக்கிறான். இதனால் என்ன பயன்? - ஒரு தாத்தா, நெடுங்கேணி

சாக்கிய நாயனார் பௌத்தத் துறவி உடையோடேயே இருந்துகொண்டு, தினமும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல் எறிந்தவர். ஒருநாள் எதேச்சையாக எறிந்தார், மறுநாள் அதுவே வழிபாடாயிற்று. பிறகு அதைச் செய்யாமல் சாப்பிடமாட்டார். அந்தக் கல் பூவாக ஏற்கப்பட்டது. உங்கள் பேரன் எறியட்டும், ஐயா. பொருளை நீங்கள் சொல்லிக்கொடுங்கள், பாடசாலையில் அதற்கு நேரம் காணாது. ஆனால் அன்பு இருந்தபடியால்தான் சாக்கியரின் கல் பூவானது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பொடியன் உண்மையாகவே கல்லைத் தூக்கிவிடுவான்.

கேள்வி: சமயபாடத்தைப் பாடசாலையிலிருந்து அடியோடு எடுத்துவிட்டுக் கோயிலிடமும் தேவாலயத்திடமும் பள்ளிவாசலிடமும் கொடுத்துவிட்டால் என்ன? பாடசாலை பிள்ளைகளைச் சமயம் சமயமாகப் பிரித்து இருத்துகிறது. சமயத்தையும் அது கெடுத்து வைத்திருக்கிறது. - ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வவுனியா

அரைவாசிக்கு உங்களோடு உடன்படுகிறேன், ஐயா. மிச்ச அரைவாசிக்கு வன்னியின் நிலவரம் என்னை விடுகிறதில்லை.

கோயிலிடம் கொடுக்கலாம் என்கிறீர்கள். எந்தக் கோயில்? எங்கள் பக்கத்தில் ஓர் ஐயர் மோட்டார் சைக்கிளில் கோயில் கோயிலாக ஓடிப் பூசை முடிக்கிறார். அவரைப் பிடித்து இருத்திச் "சத்திநிபாதம் என்றால் என்ன" என்று கேட்க நேரம் ஏது? அதற்கப்பால் இருக்கிறவை மரத்தடி வைரவரும் குளக்கட்டு ஐயனாரும். அங்கே கற்பூரம் கொளுத்துகிற பெரியவர் பக்தியில் என்னைவிட எவ்வளவோ மேல், ஆனால் பாடம் சொல்லமாட்டார். அறநெறி வகுப்பு ஞாயிறு காலையில் நடக்கிறது, அதே நேரத்தில் ரியூசனும் நடக்கிறது. எது வெல்லும் என்று உங்களுக்கே தெரியும். கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி என்று ஒரு ஒழுங்கு ஊர் ஊராக இருக்கிறது. பள்ளிவாசலோடு குர்ஆன் மதரசா இருக்கிறது. சைவத்தில் அந்த வேலையைத்தான் நாவலர் பாடசாலை கட்டிச் செய்தார். 1960, 61இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளை எடுத்தபோது கட்டிடத்தோடு அந்த வேலையும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. இப்போது பாடசாலையிலிருந்தும் எடுத்தால், வசதியான குடும்பத்துப் பிள்ளைக்குச் சமயம் கிடைக்கும், மற்றப் பிள்ளைக்கு யூடியூப் கிடைக்கும்.

ஆகவே பாடம் இருக்கட்டும். தரம் ஐந்துவரை பரீட்சை வேண்டாம். கதை, பாட்டு, மாலை கட்டுதல், விளக்குத் திரி திரித்தல், அடுத்த சமயத்துப் பிள்ளையின் பெருநாளில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிதல், இவை போதும். ஓ.எல். வினாத்தாளில் என்னிடம் ஒரு வினா விட்டால் இதைத்தான் போடுவேன்: உங்கள் ஊர்க் கோயிலைத் துப்புரவாக்குகிறவர் யார், பொங்கலுக்கு அரிசி எந்த வீட்டிலிருந்து வருகிறது, அங்கே உள்ளே வரத் தயங்கி வாசலோடு நிற்பவர் எவர், ஏன் நிற்கிறார்? பதினைந்து புள்ளி.

இதற்குப் புள்ளித்திட்டம் எழுத முடியாது என்பார்கள். முடியாதுதான். திருத்துகிறவர் ஊர் ஊராக அந்தக் கோயில்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்தவேண்டியிருக்கும். ஒட்டுசுட்டானிலிருந்து துணுக்காய்வரை மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசு யார் தருவது என்று எழுதுவினைஞராக இருந்த நீங்கள்தான் ஒரு சுற்றறிக்கை எழுதித் தரவேண்டும்.